புளியங்கொட்டை ஓட்டு

"யானை தோத்துடுச்சு சிஸ்டர். இதுலே ஏதோ தில்லுமுல்லு இருக்கு."

செலின் டீச்சர் பள்ளி மருந்தறைக்குள் வந்தபோது, நர்ஸ் விக்டோரியா ஒரு சிறுமியின் கையில் பொட்டளவு சிவந்திருந்த இடத்தில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இதே சிவப்பு என்று மட்டும் சொன்னாள். எதையும் பதறாமல் பார்ப்பது அவள் சுபாவம்.

பெரியவர்கள் முதல் தேர்தலுக்கு வரிசையில் நின்ற அதே 1952இல், பிள்ளைகளும் தங்களுக்குப் பிடித்த புத்தகத்துக்குப் பரிசு தரட்டும் என்று கிளம்பியவள் செலின். மண்டி மொஹல்லா தமிழ் வாசகசாலையில் போட்டிக்கு இரண்டு புத்தகங்கள்; புத்தகத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் படம். சீட்டுக்குப் பதில் ஆளுக்கொரு புளியங்கொட்டை. கொட்டைகளைக் கொடுத்தவர் புளி வியாபாரி குப்புசாமி. செலின் அவற்றைச் சாம்பல் போட்டுக் கழுவிக் காயவைத்து, நேற்று வரிசையில் நீண்ட கைகளுக்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் கொடுத்தாள். மிச்சம் ஒரு டப்பாவில், வாசகசாலை அலமாரிக்குள். அலமாரிச் சாவி தலைவர் இஸ்ரவேலிடம்.

'தசராவுக்கு வராத யானை'யைப் பிள்ளைகள் அட்டை கிழியப் படித்திருந்தார்கள். இஸ்ரவேலுக்கோ அந்த அடங்காத யானையைக் கண்டாலே ஆகாது. தோற்ற புத்தகம் வாசகசாலையில் இருக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டவரும் அவர்தான். ஜெயித்தது 'நற்பழக்க நாற்பது'. எழுதியவர் அவருடைய மைத்துனர்.

மாலையில் விக்டோரியா, இஸ்ரவேலும் குப்புசாமியும் பார்க்க, இரண்டு பெட்டிகளையும் வாசகசாலைத் தரையில் கவிழ்த்தாள். யானைப் பெட்டிக் கொட்டைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரு பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தன. மற்றதில் முக்கால்வாசி பளபளவென்று முழுசாக இருந்தன.

"டீச்சர், வரிசையிலே நிக்கிற பிள்ளைகிட்டே புளியங்கொட்டையைக் கொடுத்தா என்ன செய்யும்?"

செலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்தரையில் தேய்த்துச் சூடேற்றி, முன்னால் நிற்பவன் கையில் வைக்கும். அவளே வைத்தவள்தான்.

"அந்தச் சூட்டுக்குத்தான் நான் களிம்பு போட்டேன். இந்த முழுக் கொட்டைங்க பிள்ளைங்க கையிலே இருந்த கொட்டை இல்லே. வேற யாரோ போட்டது."

மூட்டை மூட்டையாகக் கொட்டை வைத்திருப்பவர் குப்புசாமிதானே என்று இஸ்ரவேல் முந்திக்கொண்டார். விக்டோரியா குப்புசாமியை அவர் மூட்டையிலிருந்தே ஒரு பிடி எடுத்துவரச் சொன்னாள். வந்த கொட்டைகளில் புளியும் நாரும் ஒட்டிக்கிடந்தன. பெட்டியில் இருந்தவையோ சுத்தம்.

"கழுவின கொட்டை அலமாரி டப்பாவிலே மட்டும்தான் இருந்துச்சு. சாவியைக் கொடுங்க சார்."

செலின் அலமாரியைத் திறந்தாள். டப்பா காலி.

"சும்னே, ஒரு காரணமும் இல்லாம, எம்மேலே பழி போட்டீங்களே" என்றார் குப்புசாமி.

இஸ்ரவேல் மழுப்பவில்லை. "எது நல்ல புத்தகம்னு பிள்ளைங்களா தீர்மானிக்கிறது? அடுத்த வருஷம் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது."

இத்தனை நாளாக அவர்முன் குரலைத் தாழ்த்தியே பேசிய செலினுக்குக் கோபம் பொங்கியது. ஒரு கொட்டையை எடுத்துத் தரையில் பரபரவென்று தேய்த்தாள். மேசைமேல் இருந்த அவர் கையில் வைத்து அழுத்தினாள். அவர் துள்ளிக் கையை இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க ஓட்டு சார் இது. சுடும்."

அடுத்த வருஷம் பெட்டிகளைத் தன் புளி மண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், கொட்டைக்கும் அங்கே பஞ்சமில்லை என்றார் குப்புசாமி.

செலின் யானைப் புத்தகத்தை அலமாரியின் முதல் தட்டில், அட்டை தெரிய நிறுத்தினாள். அலமாரியைப் பூட்டவில்லை. சாவியைத் திருப்பித் தரவும் இல்லை.