சவுல் எறியாத ஈட்டி

ஜெனிஷா உயரமாக வளர்ந்தது அவளுடைய தப்பா, நீங்களே சொல்லுங்கள்! அதற்காக மாதா கோயில் திருவிழாவின் பைபிள் நாடகத்தில் அவளைச் சவுல் அரசனாகப் போட்டுவிட்டார் தெரசா மிஸ்.

"சவுல்தான் எல்லாரையும் விட ஒசரம்னு வேதத்துலயே இருக்குது. நீதான் பொருத்தம்."

அவள் ஆசைப்பட்டதோ சவுலுக்கு யாழ் வாசிக்கும் வீரன் தாவீது வேடத்துக்கு. தாவீதுக்குத்தான் யாழும் பாட்டும் உண்டு. ஓசூரில் வேலை பார்க்கும் அப்பா மரிய ஆனந்த் திருவிழாவுக்கு வருகிறார். அவர் காது குளிரப் பாட வேண்டும் என்று எவ்வளவு ஏங்கினாள்! குளிக்கும்போதும் அந்தப் பாட்டுத்தான், கோழிக்குத் தீனி போடும்போதும் அந்தப் பாட்டுத்தான்.

தாவீது வேடம் மொரப்பூரிலிருந்து புதிதாக வந்த மோனிஷாவுக்குப் போய்விட்டது.

"சவுலுக்குப் பாட்டே இல்லீங்களா மிஸ்?"

"அவருக்குப் பொறாமைதான் இருக்குது. தாவீதை எல்லாரும் புகழ்ந்ததும் வயிறெரிஞ்சு ஈட்டிய எறிவாரு. அதுலயே கெட்டுப்போனாரு."

வயிற்றெரிச்சலா? அதற்கு ஒத்திகையே வேண்டாம், தானாக வரும் என்று நினைத்துக்கொண்டாள் ஜெனிஷா.

திருவிழா அன்று மாலை அப்பா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஜெனிஷா அட்டைக் கிரீடத்தோடு அரியணையில் இருந்தாள். போரில் வென்ற தாவீதைப் புகழ்ந்து சிறுமிகள் வெற்றிப் பாட்டுப் பாடினார்கள்.

"சவுல் வீழ்த்தியது ஆயிரம்! தாவீது வீழ்த்தியது பதினாயிரம்!"

கூட்டத்தில் பாதிப் பேர் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகிறவர்கள். ஆயிரம், பதினாயிரம் என்று கேட்டால் சும்மா இருப்பார்களா?

"பதினாயிரம் ஒரு தரம்!" என்று ஏலம் கூவினார் சவுரியப்பன் மாமா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அந்த நேரம் பார்த்து யாழோடு மேடைக்கு வந்தாள் மோனிஷா. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம். பாட்டு மறந்தே போய்விட்டது.

"பாடு மோனிஷா!" என்று திரைக்குப் பின்னால் தவித்தார் மிஸ்.

ஜெனிஷாவுக்கு முழுப் பாட்டும் தெரியும். எழுந்து பாடினால் போதும், அப்பா கேட்பார்! அப்போதுதான் மோனிஷாவின் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்தாள்.

ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போனாள்.

"உன்னப் பாத்துச் சிரிக்கல புள்ள. மாமா ஏலம் வுட்டாருல்ல, அதுக்குத்தான்" என்று காதோடு சொன்னாள். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி முதல் வரியைப் பாடினாள்.

இரண்டாவது வரியை மோனிஷா பிடித்துக்கொண்டாள். ஜெனிஷாவுக்கு நிறுத்த மனமே இல்லை. ஆனாலும் நிறுத்திவிட்டு அரியணையில் போய் உட்கார்ந்தாள். அப்பப்பா, மோனிஷா என்னமாய்ப் பாடினாள்! ஊரே கைதட்டியது.

"ஏம்மா, ஈட்டிய எறியவே இல்லியே! கதையே மாறிப்போச்சே!" என்று தலையில் கைவைத்தார் மிஸ்.

"பாட்டக் கேட்டுக்கிட்டே மறந்துட்டேனுங்க மிஸ்."

வீட்டுக்கு நடக்கும்போது அப்பாதான் ஆரம்பித்தார்.

"ஏன் கண்ணு, மொத வரி நீதான பாடுன?"

ஜெனிஷா சட்டென்று நின்றாள். "உங்களுக்குக் கேட்டுச்சுங்களாப்பா? மெதுவாத்தான பாடுனேன்?"

"ஓசூருல இருக்கறப்பவே எனக்கு உன் குரல் கேக்கும். முன்னாடி உக்காந்திருந்தா கேக்காதா?" என்றார் அப்பா.