எழும்ப விடாத படம்

முந்தல் ஊரில், சிலாபம் வீதியோரம் பல வருடமாகப் பூட்டிக்கிடந்த தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கப் போகிறார்கள் என்றதும் அந்த வேலையை நாங்கள்தான் பிடித்தோம். வயரிங் என் பொறுப்பு, மேடை அலங்காரம் என் மனைவி இல்மாவின் பொறுப்பு. புத்தளத்திலிருந்து வான் வண்டியில் வந்து இறங்கியபோது காலை பத்து மணி, நல்ல வெயில். கரண்டுக்குத்தான் பயம், பேய்க்கு இல்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவன் நான். அந்த வாய்க்கொழுப்புக்கும் சேர்த்துத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

கதவைத் திறந்துவிட்டவர் டொறத்தி. அங்கே படம் ஓட்டிய ஒபரேட்டரின் மகள், அறுபது வயதிருக்கும். உள்ளே கால் வைத்ததும் வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது. வௌவால் எச்சமும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. உடைந்த கதிரைகளுக்கு அப்பால் மேடையும் வெள்ளைத் திரையும் மங்கலாகத் தெரிந்தன. இல்மா அளவு நாடாவோடு மேடையில் ஏறினாள். நான் டொறத்தியோடு மாடியிலிருந்த ஒபரேட்டர் அறைக்குப் போனேன்.

புரொஜெக்டரில் பிலிம் மாட்டியபடியே இருந்தது. அது சாதாரணச் சுருள் இல்லை. சுவரில் அடித்த மரக் கப்பிகளைச் சுற்றி வந்து, வாலும் தலையும் ஒட்டப்பட்டு, பெரிய வளையமாகத் தொங்கியது. டொறத்தி அதன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் பழைய அமெரிக்கப் படமொன்று வந்ததாம். ஒரே குழுவில் ஆடும் இரண்டு பெண்கள், ஒருத்திக்குப் பொன்முடி, மற்றவளுக்குக் கறுத்த முடி; முன்வரிசையில் யார் ஆடுவது என்று தீராத பகை. ஒருநாள் சனத்துக்கு முன்னால் மேடையிலேயே அடித்துக்கொள்கிறார்கள். அந்த இடம் வந்தால் விசில் கூரையைப் பிய்க்குமாம், திரும்பப் போடச் சொல்லிக் கதிரைகளை உதைப்பார்களாம். கடைசியில் ஒபரேட்டர் அந்த இருபது செக்கனை வெட்டியெடுத்து, வளையமாக ஒட்டி, இடைவேளைதோறும் சனம் அலுக்கும்வரை ஓட்டியிருக்கிறார்.

"முழுப் படத்தில கறுத்த முடிக்காரி எழும்பித் திருப்பி அடிப்பா, மகன்," என்றார் டொறத்தி. "அப்பா அதுக்கு முந்தியே வெட்டிட்டார். இதில அவ அடி வாங்கி விழுறது மட்டுந்தான். இத ஓட்ட வேணாம்."

தலையாட்டினேன். அவர் பின்கதவைத் திறக்க இறங்கிப் போனதும் என் கை சும்மா இருக்கவில்லை. பழைய இயந்திரத்தைக் கண்டால் அது ஓடுமா ஓடாதா என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. தற்காலிகமாக ஒரு லைன் இழுத்து, என் பல்பு ஒன்றைப் பொருத்தி, சுவிட்சைத் தட்டினேன். ஸ்பீக்கர் வயரை எலி எப்போதோ தின்று தீர்த்திருந்ததால் சத்தமில்லாமல் படம் மட்டும் விழுந்தது.

பொன்முடிக்காரி அறைந்தாள். முடியைப் பிடித்து இழுத்தாள். கறுத்த முடிக்காரி முகம் குப்புற விழுந்தாள். பின்பு அவளே மறுபடி நின்றுகொண்டிருந்தாள், மறுபடி அறை.

மேடையில் நின்ற இல்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அபாயாவின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, கறுத்த முடிக்காரியின் உருவம் விழும் இடத்தில் போய் நின்று அவளைப் போலவே இரண்டு அடி ஆடினாள். என்னைக் கேலி செய்ய அவளுக்கு ஒரு சாட்டுப் போதும்.

"நல்லாத்தான் ஈக்குது, நிப்பாட்டாதீங்க," என்றாள்.

நான் நிறுத்தவில்லை.

மூன்றாவது சுற்றில் அறை விழுந்த சத்தம் கேட்டது.

இல்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த சுற்றில் திரையைப் பார்த்தேன். பொன்முடிக்காரி மட்டும் இருந்தாள். மற்றவள் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அந்த இடத்தில் என் மனைவி நின்றாள்.

அவளுடைய ஸ்காஃப் பறந்தது. முடி கொத்தாக மேலே எழும்பியது. பிடித்த கையைக் காணவில்லை. மேடைப் பலகையில் அவள் இழுபட்டாள். முகம் விளிம்பில் மோதியது. பல் உடைந்த சத்தம் மாடிவரை கேட்டது.

சுவிட்சை நிறுத்தினேன். பல்பு அணைந்தது, மோட்டார் நின்றது.

படம் நிற்கவில்லை.

பிலிமை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது. அது அறுவதற்குள் நான்கு சுற்றுப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று அவளைத் தூக்கி நிறுத்தியது, மறுபடி அடிப்பதற்காகவே நிறுத்தியது. கடைசியாகப் பிலிம் அறுந்தது. தியேட்டர் இருண்டது. யா அல்லாஹ், அவள் உயிரை மட்டும் எடுத்துவிடாதே என்று அழுதுகொண்டே படியிறங்கி ஓடினேன்.

இல்மாவுக்கு மூச்சு இருந்தது. அவளை வான் வண்டியில் ஏற்றும்போது டொறத்தி அந்தப் பிலிமை முற்றத்தில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். அது சுருண்டு சாம்பலாவதை என் கண்ணால் பார்த்தேன். பாதி உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி மிஸ் முதலில் என் கிழிந்த கைகளைப் பார்த்தாள், பிறகு இல்மாவின் முகத்தைப் பார்த்தாள். பொலிஸ் வந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறொருவன் இப்படிச் சொல்லியிருந்தால் நானே அவனை நாலு சாத்தியிருப்பேன். வார்டு ஊழியர் இருவர் என்னைச் சுவரோடு நிறுத்தி, ஆளுக்கொரு கையாக இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பொலிஸ்காரி கட்டிலருகே குனிந்து, அடித்தது உன் மாப்பிள்ளையா என்று இல்மாவிடம் கேட்டாள்.

வீங்கிய கண்ணைத் திறந்து இல்மா என்னை நெடுநேரம் பார்த்தாள். என் வாழ்க்கை முழுவதும் அந்த உதட்டில் தொங்கியது.

"அடிச்சது இவரில்ல," என்றாள். "இவர் மேல நிண்டு படம் பாத்துக்கிட்டு ஈந்தார்."

அப்படியென்றால் யார் என்று பொலிஸ்காரி கேட்டாள்.

இல்மா வாயைத் திறந்தாள். அவள் தலை படாரென்று ஒரு பக்கம் திரும்பியது. அறைச் சத்தம் வார்டு முழுவதும் கேட்டது. அடிபடாமலிருந்த மற்றக் கன்னத்தில் நான்கு விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து எழும்பின.

ஊழியர்கள் என் கைகளை விட்டுவிட்டு விலகினார்கள். நான் குற்றவாளி இல்லை என்று அந்த வார்டு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. நானே அடித்தவனாக இருந்திருக்கக்கூடாதா? என்னை மறியலில் போட்டுப் பூட்டியிருந்தால் அடியாவது நின்றிருக்கும்.

வெளியே பட்டப்பகல். கட்டிலில் படுத்திருந்த இல்மாவை ஏதோ ஒன்று முடியைப் பிடித்து மெல்ல எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தது.