கத்தி நின்ற இடம்

"இன்னாடி அனு, சூரியன் இன்னும் எந்திரிக்கவே இல்லியா? நான் அரைக் கிலோ சங்கரா வெட்டி முடிச்சிட்டேன்!"

இசக்கியம்மாள் அத்தை சொன்னதும் அனுவின் முகம் சுருங்கிப்போனது. சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டில், அத்தைக்கும் அம்மா தேசம்மாவுக்கும் நடுவே, கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து அவள் தன் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்' என்று தொடங்கி, முழுப் பக்கத்துக்கும் காலை வந்துகொண்டே இருந்தது.

இருவரும் மீன் வெட்டுகிறவர்கள். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை கை ஓயாது. டக், டக், டக்.

"அழகா இருக்கும்னு எழுதினேன் அத்தே."

"அழகுதான். தூக்கம் வருது."

அனுவுக்குத் திக்கென்றது. போன மாதம் வகுப்பில் கதை படித்தபோது விக்கி குறட்டை விட்டான். வேண்டுமென்றே விட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். பார்த்தால் நிஜமாகவே தூங்கியிருந்தான்! திங்கட்கிழமை மறுபடியும் கதை நேரம். இந்தமுறையும் யாராவது தூங்கினால் இனி கதையே எழுதப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"மிச்சத்தையும் படி. பாதியில வுடாதே" என்றாள் அம்மா.

அனு உதட்டைப் பிதுக்கிக்கொண்டே படித்தாள். "ராணிப் பூனை ஐஸ் பெட்டிக்குள் குதித்தது. டப்பென்று மூடி விழுந்தது..."

திடீரென்று ஏதோ குறைந்தது போலிருந்தது. டக் டக் சத்தத்தைக் காணோம்! நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கத்திகளும் அந்தரத்தில் நின்றன.

அடுத்த வரியில் வானத்திலிருந்து தேவதை வந்து மூடியைத் திறந்தது. டக், டக், டக். கத்திகள் மறுபடி வேலைக்குப் போய்விட்டன.

"தேவதைக்கு வேற வேலை இல்லியாடி? மீன் நாத்தத்துல வந்து பெட்டி தொறக்குது" என்றாள் அத்தை.

அனுவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நோட்டில், கத்தி நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

அன்று முழுக்க எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். தேவதையை அனுப்பிவிட்டாள். பிறகு பூனை எப்படி வெளியே வரும்? அம்மாவின் ஐஸ் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அடியில், ஐஸ் தண்ணீர் வடிவதற்கு ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ஒரு வால் நுழையும்!

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் நல்ல கூட்டம். அனு குரலை உயர்த்திப் படித்தாள்.

"டப்! மூடி விழுந்தது. உள்ளே ஒரே இருட்டு. ராணி கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்..."

இரண்டு கத்திகளும் நின்றன. இந்தமுறை நின்றது நின்றதுதான்.

ஹெல்மெட்டோடு காத்திருந்தவர் பொறுமை இழந்தார். "அக்கா, என் மீன் இன்னா ஆச்சு?"

"கம்முனு இரு நைனா! பெட்டிக்குள்ள பூனை கீது!" என்று அதட்டினாள் அத்தை.

அவர் பதறிப்போய்த் தன் மீன் கிடந்த கூடைக்குள் எட்டிப் பார்த்தார். அம்மா சிரித்த சிரிப்பில் கத்தியே கீழே விழுந்தது.

கதையில், பெட்டியின் அடி ஓட்டை வழியே ஆடிய வாலைப் பார்த்து, "ஐயோ! இந்த மீனுக்கு ரோமம் முளைச்சிருக்கு!" என்று மீன் வாங்க வந்த ஒரு பெண்மணி அலறினார். மூடி திறந்தது. ராணி ஒரே தாவாகத் தாவினாள், வாயில் ஒரு நெத்திலியோடு.

"சூரியன் எங்கடி போச்சு?" என்றாள் அத்தை.

"வெட்டிட்டேன் அத்தே."

திங்கட்கிழமை வகுப்பில் அனு எழுந்து நின்று படித்தாள். குரல் நடுங்கவில்லை. படித்து முடித்ததும் மெதுவாக விக்கியைப் பார்த்தாள். அவன் கண் இரண்டும் விழித்துக்கொண்டிருந்தன. கையைக்கூடத் தூக்கியிருந்தான்.

"அவ்ளோ நேரம் ஐஸ்ல இருந்துச்சே, பூனைக்குக் குளிரல?"

வகுப்பே சிரித்தது. அனு சிரிக்கவில்லை. அதை அவள் யோசிக்கவே இல்லையே!

"ஒரு நிமிஷம் இரு விக்கி" என்று அவசரமாக நோட்டைத் திறந்தாள். "பென்சில் இருந்தா குடுடா!"