இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே

முதல் மனைப்பிரிவின் வரைபடத்தையும் இரண்டாவதையும் விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தபோது அவை ஒட்டவில்லை. நடுவில் மூன்றடி இடம் எதிலும் சேராமல் நின்றது. குடியிருப்பின் முப்பதாண்டு வரலாற்றை எழுதித் தருவதாகச் சங்கத்தில் வாய்கொடுத்து மாட்டிக்கொண்டவள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தாள். அந்த மூன்றடி அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் ஓடியது.

"உன் வரலாற்றுல மத்தியானச் சாப்பாட்டுக்கு இடம் உண்டா, இல்ல நாங்களே பாத்துக்கவா?" என்று கேட்டபடி கணவன் மாடி ஏறினான்.

சிரித்துக்கொண்டே, அந்நாளில் நிலம் அளந்த பெரியவருக்குப் போன் செய்தாள்.

"அதுவாம்மா. ரெண்டு முதலாளிங்க. அவங்கவங்க எல்லைக்கல்லுலேர்ந்து அளந்தோம், நடுவுல மூணடி விட்டுப்போச்சு. ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல சுவர் எழுப்பி, முனைகளையும் அடைச்சுட்டாங்க."

"உள்ள யாரும் போக முடியாதா சார்?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "சித்தாளோட சின்னப் பொண்ணு ஒண்ணு அங்க நிழல்ல தூங்கிட்டிருந்துச்சு. அம்மா இந்தப் பக்கம் வேலை, அப்பா அந்தப் பக்கம். அவர்கிட்ட இருக்குன்னு இவ நினைச்சா, இவகிட்ட இருக்குன்னு அவர் நினைச்சாரு. இதெல்லாம் எழுதாதம்மா."

போனை மேஜையில் வைத்தாள். கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா. ஏறத் தெரியலம்மா."

சிட்டு. அவள் ஆறு வயது மகள். குரல் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது.

ஏணியைச் சாய்த்து மூச்சிரைக்க ஏறினாள். எதிரே பக்கத்து வீட்டின் ஜன்னலில்லாத இரண்டு மாடிச் சுவர். கீழே, வருஷக்கணக்காக வெயில் படாத ஈரச் சுண்ணாம்பு வாசனையும் இருட்டும் தேங்கிய இடுக்கில், மஞ்சளாக ஒரு பாவாடை குந்தியிருந்தது.

யோசிக்கவில்லை. குதித்தாள். கால் உதைத்ததில் ஏணி அந்தப் பக்கம் சரிந்து விழும் சத்தம் கேட்டது.

பாவாடை இல்லை. நைந்த சிமெண்ட் சாக்கு.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து சிட்டுவின் குரல் கேட்டது. "அப்பா, அம்மா எங்க?"

"பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பா. நீ வா, சாப்பிடலாம்."

கத்தினாள். குரல் எதிர்ச்சுவரில் மோதி அவளிடமே திரும்பியது. கைகளை உயர்த்தினாள். எட்டவில்லை. சுவரில் நகத்தால் பற்றினாள். வழுக்கல். மேலே ஒரு கோடு வானம்.

கொல்லைக் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள்.

பின்னால், ஏதோ நகர்ந்தது.

ஒரு சின்னக் கை அவள் சுண்டுவிரலைப் பற்றியது. ஈரச் சாந்து போலக் குளிர்ந்த கை.

மெல்ல, அது இறுகத் தொடங்கியது.