முன்னே போன பை

பவானேஸ்வரி திரும்பி வந்தபோது வீடு கழுவி விடப்பட்டிருந்தது.

ஜெயமணி அக்காவின் வீடு அதே வரிசையில் கடைசி வீடு. பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அக்கா கொடுத்த பால் சேர்க்காத தே ஓவைக் குடித்துவிட்டு வரும் நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கூடம் முழுக்க ஈரம். நாற்காலிகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. மஞ்சள் கலந்த தண்ணீர் வாசற்படியிலிருந்து மெல்ல இறங்கி, கேட்டுக்கு அடியில் நுழைந்து சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த செம்பனைத் தோட்டத்து மட்டைகள் உரசும் சத்தத்தோடு சேர்ந்து, அது யாரோ தொண்டையைச் செருமுவதைப் போல விட்டு விட்டுக் கேட்டது.

அம்மா முனியாயி துடைப்பத்தோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள்.

"ஏம்மா கழுவுனீங்க?"

அம்மா கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். "தெரியலயே. நீ பையத் தூக்கிட்டு அந்தப் பக்கம் திரும்புன. நான் பாட்டுக்கு வாளிய எடுத்துட்டேன். கை தன்னால போயிருச்சு."

ஊருக்குப் போகிறவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக்கூட மாட்டாள் அம்மா. ஆள் வெளியேறிய கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பிணம் எடுத்த வீட்டில்தான். அப்பாவை ஏற்றிய வண்டி டுரியான் துங்கால் சாலைக்குத் திரும்புமுன்பே இந்தக் கூடத்தில் தண்ணீர் ஓடியதைப் பவானி பார்த்திருக்கிறாள்.

"நான் இங்கதானம்மா நிக்கிறேன். பைதானே போயிருக்கு."

"ஆமாலா. பைதானே," என்றாள் அம்மா. பவானியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எல்லாம் நாள் சரியில்லாததால் வந்தது. பவானியை அழைத்துப் போகும் வேன் செவ்வாய்க்கிழமை வருகிறது. செவ்வாய் போதாதென்று அன்றைக்கு அஷ்டமி வேறு. பஹாங் காட்டுக்குள், படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு விடுதி. மழைக்காலம் முடிந்து திறந்தால் அடுத்த மழைவரை வேலை. சமையலறையில் ஒத்தாசை, வருகிறவர்களைக் காட்டுப்பாதையில் கொஞ்ச தூரம் கூட்டிப்போவது. குருபோங்கில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு வந்த ஒரே அழைப்பு அது. அதை விட்டால் இந்தக் கூடம், இந்த டிவி, அப்பா போனதிலிருந்து பாதிப் பேச்சில் நின்றுவிடும் இந்த அம்மா. அவ்வளவுதான் அவள் வாழ்க்கை என்று ஆகிவிடும்.

அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துக்கொண்டாள். ஜெயமணி அக்காதான் வழி சொன்னாள். நல்ல நேரம் பார்த்து, உடுத்தப்போகும் துணியோடு பையை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. கிளம்பிய பை மட்டும் வீட்டுக்குத் திரும்பக்கூடாது.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பை கிளம்பியது. முழுக்கைச் சட்டைகள், அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை போடும் காலுறை, டார்ச், காட்டில் போட்டு நடக்கக் கறுப்பு ரப்பர் சப்பாத்து. போன வருஷமும் அங்கே வேலை செய்த சுங்கை ரம்பாயைச் சேர்ந்த வசந்தன் சொன்னபடி, அட்டையை விரட்டப் புகையிலையும் உப்பும். பையை வாங்கிய ஜெயமணி அக்கா பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து பார்த்துச் சிரித்தாள்.

"உதட்டுச் சாயம் யாருக்குடி? புலிக்கா?"

"புலியும் பொம்பள மூஞ்சிய நல்லபடியா பாக்க வேணாமாக்கா?"

"அந்த வசந்தன் பையன் பாத்தா போதும், போ."

சிரித்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஆனால் அக்கா வீட்டு வாசலைத் தாண்டியதும் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிவிட்டதைப் போல இருந்தது. காடு என்றால் அவளுக்குப் பயம். இருட்டினால் பின்வாசலைக்கூடத் திறக்கமாட்டாள். போனில் வேலைக்கு எடுத்த பெண்ணிடம் பயமே இல்லை என்று சொன்னவள் வேறொருத்தி. அம்மாவிடம் சண்டை போட்டவள், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தவள், எல்லாம் அந்த ஒருத்திதான். அவள் பையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் போலிருந்தது. வரிசை வீடுகளைக் கடந்து திரும்பி வந்தது மிச்சம்தான். பயம் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலையில் மேசைமேல் ஒரு தட்டுதான் இருந்தது. தோசைச் சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. "எனக்கும்மா?" என்று கேட்டபோது அம்மா திடுக்கிட்டு எழுந்து, "ஐயோ, மறந்துட்டேன் கண்ணு," என்று மாவை எடுத்தாள். எடுத்த மாவை அடுப்புமேடையில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். திரும்பி வந்து மாவைப் பார்த்து, அதை யார் எடுத்து வைத்தது என்று தெரியாதவளைப் போல மறுபடியும் உள்ளே வைத்தாள்.

தூக்கமில்லாத அம்மா. அப்படித்தான் பவானி நினைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறும் நேரத்தில் ஜெயமணி அக்கா வேலியோரம் வந்தாள். கண்ணைச் சுருக்கி, கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்த்தாள்.

"யாரு, பவானியா? சட்டுன்னு தெரியல. வெயில் கூசுது."

"நான்தாக்கா."

"நேத்து சாயங்காலம் வந்து சப்பாத்தப் போட்டுப் பாத்தியே, கால் கடிக்கலயே?"

"நான் வரலயேக்கா."

"வரலயாம். என் வீட்டு முறுக்கு டின்ன காலி பண்ணிட்டு வரலயாம்லா." அக்கா சிரித்துக்கொண்டே போனாள். போகும்போது தலையைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள். அப்போது சிரிப்பு இல்லை.

அன்று பொழுது சாயும்போது பவானி கடைசி வீட்டுக்குப் போனாள். பையை எடுத்து வந்துவிடலாம், தோஷம் வந்தால் வரட்டும் என்றுதான் போனாள். செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வரும் புளித்த, கொழுத்த வாடை தாழ்வாரத்தில் தேங்கி நின்றது. கொசுவர்த்திப் புகை ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையில் நூல் நூலாக வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் திரைமேல் ஒரு நிழல் குனிந்தது, நிமிர்ந்தது. புது ரப்பர் சிமெண்டில் அழுந்தி எழும் சத்தம் கேட்டது. கீச். கீச். அங்குமிங்கும் நிதானமாக ஒருவர் நடந்து பழகும் சத்தம்.

பிறகு குரல் கேட்டது.

"பயமெல்லாம் இல்லக்கா. போனா பழகிடும்."

அவள் குரல். அவள் குரலேதான். ஆனால் அவள் ஒருநாளும் அவ்வளவு சந்தோஷமாகப் பேசியதில்லை.

கதவைத் தட்டக் கை எழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் அறையில் வெளிச்சம் அசைந்தது. கட்டிலில் தலையணை இருக்கும் பக்கம், தரையில், ஒரு சின்ன அகல் விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கும்மா விளக்கு?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா. நான் நாளைக்குப் போகலம்மா. வேல வேணாம். இங்கயே இருக்கேன்."

எண்ணெய் குறைந்திருந்தது. அம்மா எழுந்துபோய்ப் பாட்டிலை எடுத்துவந்து ஊற்றினாள். பவானியைச் சுற்றிக்கொண்டு போய், சுற்றிக்கொண்டு வந்தாள். ஈரமிருக்கும் இடத்தில் கால் படாமல் நடப்பதைப் போல.

செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்தே பவானி கேட்டருகில் நின்றாள். மனசு மாறியிருந்தது. பை இல்லாவிட்டால் என்ன, சப்பாத்து இல்லாவிட்டால் என்ன, வேன் நின்றதும் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். யார் பேரைச் சொல்லி எடுத்தார்களோ அந்தப் பேர் அவளுடையது. ஏறிவிட்டால் அவள்தான் போனவள். விளக்கு அணைந்துவிடும். அம்மாவுக்குக் கண் தெரியும்.

வானம் சிவந்து, பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து முடியும்போது வேன் வந்தது. வெள்ளை வேன். வசந்தன் முன்னால் இருந்தான். அவள் கையை உயர்த்தினாள். வேகம் குறையவில்லை. அவளைக் கடந்தது.

கடைசி வீட்டில் நின்றது.

ஓடினாள். கால் வரவில்லை. தண்ணீருக்குள் ஓடுவதைப் போல. ஒவ்வொரு வீடாக. ஒவ்வொரு கேட்டாக.

அங்கே ஏற்கெனவே அம்மா நின்றாள். கையில் சோற்றுப் பொட்டலம். அம்மாவுக்கு முன்னால் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெண். தோளில் பை. காலில் கறுப்புச் சப்பாத்து. அம்மா அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பவானிக்கு நினைவு தெரிந்து அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

"பத்தரமா இரு கண்ணு."

"சும்மா அழாதீங்கம்மா. மழ வந்தா வந்துடுவேன்லா."

"அம்மா," என்று கத்தினாள் பவானி. "அம்மா. அது நானில்ல."

அம்மா திரும்பவில்லை. ஜெயமணி அக்கா திரும்பவில்லை. வசந்தன் கதவை இழுத்துத் திறந்தான். ஏறும் முன் அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். வெறுப்பு இல்லை, கேலி இல்லை. விட்டுவிட்டுப் போகும் வீட்டை ஒருவர் கடைசியாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். உதட்டில் சாயம் பூசியிருந்தாள்.

கதவு மூடியது.

அம்மாவின் பின்னாலேயே வீட்டுக்குள் வந்த பவானியால் அதற்குப் பிறகு கேட்டைத் திறக்க முடியவில்லை. கை தாழ்ப்பாளில் படுகிறது. தாழ்ப்பாள் நகர்வதில்லை. பசி இல்லை. தூக்கம் இல்லை. கூடத்தில் ஒரு மூலை. அம்மா சமைத்தாள், ஒருத்தியாகச் சாப்பிட்டாள், டிவி பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மகளுக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னாள். சொல்லும்போது பேச்சு பாதியில் நிற்கவில்லை.

ஒருநாள் அந்திவேளையில் போன் மணி அடித்தது. விடுதியில் வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இணையம். திரையில் அந்த முகம். வெயிலில் கறுத்து, கொஞ்சம் மெலிந்து, பளபளவென்று இருந்தது. அதற்குப் பின்னால் மரங்கள். மரங்களுக்குப் பின்னால் ஒன்றுமே தெரியாத இருட்டு.

"நல்லா இருக்கீங்களாம்மா? மாத்திர போடுறீங்களா?"

"போடுறேன் கண்ணு. அங்க குளிரா?"

பவானி மூலையிலிருந்து எழுந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையிலிருந்த முகம் பேச்சை நிறுத்தியது. கண்கள் அம்மாவின் தோளைத் தாண்டி வந்தன.

"அம்மா. உங்க பின்னால யாரு நிக்கிறது?"

அம்மா திரும்பினாள்.

நேராகப் பார்த்தாள். அத்தனை நாளில் முதல்முறையாக. பார்வை பவானியின் நெற்றியில் நின்றது, கண்ணுக்கு இறங்கியது, உதட்டுக்கு வந்தது. அம்மாவின் கண்களில் நீர் கட்டியது. நிற்பது யாரென்று அம்மாவுக்குத் தெரிந்தது. எல்லாம் தெரிந்தது.

பிறகு போன் பக்கம் திரும்பி, "யாருமில்ல கண்ணு," என்றாள். "நீ சாப்ட்டியா?"

சொல்லிக்கொண்டே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்தாள். போனில் தெரியாதபடி, தாழ்வாக, வீட்டுக்குள் வந்துவிட்ட கோழியை விரட்டுவதைப் போல அந்தக் கை மெல்ல அசைந்தது. திறந்து கிடந்த பின்வாசலைக் காட்டி, வரிசை வரிசையாக நின்ற செம்பனை இருட்டைக் காட்டி, போ, போ என்று அசைந்துகொண்டே இருந்தது.