கடைசிப் பால்

வேரோனிக்கா வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தாள்.

“என்ன அக்கா மணக்குது? பால் திரைஞ்சு போச்சோ?”

“குளிரெண்டு ஜன்னல் திறக்கேல்லை,” என்றாள் சுகிர்தா.

டோர்செட் பார்க்கின் அந்தப் பதினோராம் மாடி வீட்டில் நான்கு வருடமாகத் தாயும் மகளும் மட்டுந்தான். கமலாம்பிகைக்கு மறதி நோய். முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு கழிப்பறையை, கடைசியில் மகளின் பெயரை. வாரத்தில் மூன்று பகல் பராமரிப்பு வேலைக்கு வேரோனிக்கா வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் சுகிர்தாவின் கைதான். மலத்தைச் சுவரில் பூசிய தாயின் விரல்களைக் கழுவிவிட்டு, அதே கையால் சோறு பிசைய வேண்டும். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் அந்த நாற்றம் இருந்துகொண்டே இருக்கும்.

போன சனிக்கிழமை காலை, தாயின் முதுகுப் புண்ணைத் துடைக்கும்போது சுகிர்தாவுக்குப் போதும் என்று பட்டது. குசினிக்குள் போய்ப் பாலைக் காய்ச்சி ஆற்றினாள்.

உயிர் தொண்டைக்குழியில் நின்று இழுக்கும்போது, பிள்ளைகள் கூடிநின்று பருக்கும் கடைசிப் பால் அது. கமலாம்பிகைக்கோ இழுக்கவே இல்லை. தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். போ அம்மா, போய்விடு என்று மனத்துக்குள் சொல்லியபடி சுகிர்தா கரண்டியை அவள் வாயில் வைத்தாள்.

தாய் விழுங்கினாள். மூச்சு நின்றது.

சுகிர்தா அசையாமல் இருந்தாள். ஒரு நிமிடம். நான்கு நிமிடம். யாரையும் கூப்பிடவில்லை.

பிறகு பல்லில்லாத ஈறு கரண்டியைக் கவ்விப் பிடித்தது.

“சுகிர்தா,” என்றாள் கமலாம்பிகை, தெளிவாக. “இன்னும் கொஞ்சம்.”

இன்று நான்காம் நாள். பாலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பம்பர்ஸ் ஒருமுறையும் நனையவில்லை. உள்ளே போன பால் எங்கே போகிறதென்று சுகிர்தா யோசிக்காமலிருக்கப் பார்த்தாள்.

வேரோனிக்கா வெந்நீரில் துணியைப் பிழிந்து அக்குளைத் துடைத்தாள். வெள்ளையாய், கட்டி கட்டியாய், ஏதோ துணியோடு வந்தது. மறுபடி துடைத்தாள். தோல் மடிப்பிலிருந்து மறுபடி ஊறியது. மார்புக்குக் கீழே. தொடையிடுக்கில். காதுக்குள்.

“கர்த்தரே... அக்கா, உடம்பு ஐஸ் மாதிரிக் கிடக்கு. நாடியும் பிடிபடேல்லை. தம்பியை உடனை வரச் சொல்லுங்கோ.”

யூனியன்வில்லிலிருந்து தம்பி கிருபன் மத்தியானம் வந்து சேர்ந்தான். அறை வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்தான்.

“ஒரு ஸ்ப்ரே எண்டாலும் அடிக்கக்கூடாதே அக்கா?”

“மாசத்துக்கொருக்கா வாறவருக்கு மணக்குந்தான்.”

அவன் குசினிக்குப் போய்க் கிண்ணத்தில் பால் கொண்டுவந்தான்.

“வாங்கோ அக்கா. ரெண்டு பேருமாப் பருக்குவம்.”

கரண்டி தொட்டதும் கமலாம்பிகை உதடுகளை இறுக்கிக்கொண்டாள். அவளுடைய கண்கள் மகனைக் கடந்து சுகிர்தாவிடம் போய் நின்றன.

“எனக்கு இவள் பருக்கிட்டாள்.”

“எப்ப?” கிருபன் திரும்பினான். “அக்கா, எப்ப?”

“அவவுக்கு அறளை, ஒண்டும் நினைவில்லை. என்னவும் சொல்லுவா.”

“நான் தேத்தண்ணியெல்லோ கேட்டனான், பிள்ளை.”

 வேரோனிக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

கமலாம்பிகையின் வாய் தானாகத் திறந்தது. திரைந்த பால் மோவாயில் வழிந்தது, கழுத்தில் வழிந்தது, தலையணையை ஊறவைத்துக் கட்டிலிலிருந்து சொட்டியது. நிற்கவே இல்லை. நின்றபோது, வெறுமையான பால் பையைப் போல அவளுடைய தோல் எலும்போடு ஒட்டிக் கிடந்தது.

பின்னேரம் உடலைக் கொண்டு போனார்கள். கிருபன் கூடவே போனான். தமக்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

சுகிர்தா விரிப்புகளை உரித்துக் குப்பைப் பையில் திணித்தாள். கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்தாள். சவர்க்கார மணம் மட்டுமே. நான்கு வருடத்தில் முதல் தடவையாக, கழுவ ஒருவரும் இல்லை. அழுகை வருமென்று நினைத்தாள். வந்தது ஆறுதல்தான்.

கட்டிலில் காற்றடைத்த மெத்தை மெல்லச் சீறியது.

நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு அமிழ்ந்தது.

காற்றுப் போகிறது, வேறொன்றுமில்லை. அவள் குனிந்து, அதைச் சமப்படுத்தக் கையை நீட்டினாள்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை.

உள்ளங்கையில் ஈரத்தோல் பட்டது. குளிர்ந்து, மடிப்பு மடிப்பாய். அது மெதுவாக அவள் பக்கம் புரண்டு படுத்தது.