காற்றுக் குழாய்க்கு எழுபத்தைந்து

இராசாத்தி தர வேண்டியிருந்தது எழுபத்தைந்து ரூபாய். அந்தக் காசை இனி நினைப்பதில்லை என்று சீனித்தம்பி முடிவு செய்துகொண்டு வந்து குந்திய இரவில்தான், அவன் வீட்டுக் குப்பி விளக்கின் சுடர் சிறுத்தது.

எண்ணெய் நிறைய இருந்தது. திரியும் புதிது. வாவிப் பக்கத்து யன்னல் திறந்துதான் கிடந்தது. சேற்று வாடையும் கரையோரக் கண்ணாப் பற்றைகளின் உவர் வாசமும் எந்த நாளும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். இருந்தும் சுடர் ஒரு பயற்றங்கொட்டை அளவுக்குச் சுருங்கி, ஓரம் நீலமாகி, திரியின் மேல் பதுங்கிக் கிடந்தது.

அந்தச் சுடரை அவனுக்குத் தெரியும். கிணறு வெட்டிப் பிழைத்தவன் அவன். பாழ்கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் இப்படிச் சுருங்கினால் ஒருவரும் இறங்குவதில்லை. விளக்குக்குக் கிடைக்காத காற்று மனிதனுக்கும் கிடைக்காது. ஆனால் அது கிணற்றின் அடியில். இது வீடு.

சண்டை தொடங்கிய பிறகு கிணறு வெட்ட யாரும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் பதுங்குகுழிதான் தேவைப்பட்டது. தேற்றாத்தீவில் இராசாத்திக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தான். அவள் புருசனை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தது. வீட்டில் அவளும் கைக்குழந்தையும் மட்டும். தென்னங்குற்றி பரப்பி, மண்மூட்டை அடுக்கி எல்லாம் முடித்தவன், குழிக்குள் காற்று இறங்கப் பூட்டும் குழாயை மட்டும் திரும்பத் தோளில் வைத்தான்.

"மிச்சக் காசத் தா புள்ள, குழாயப் பூட்டித் தாறன்."

"காத்துக்குமா காசு, அண்ண? அது சும்மா வாறதுதானே?"

"சும்மா வாறதெண்டா வெளிய நிண்டு இழு."

அவள் சிரித்துவிட்டாள். "வெள்ளாம வெட்டட்டும், தாறன்" என்றாள். அவன் குழாயோடு வீடு திரும்பினான்.

வெள்ளாமை அறுப்புக்கு முன்னே ஷெல் வந்தது. குழியின் வாசலில் விழுந்து, மண் சரிந்து, வாசல் மூடிக்கொண்டது. மறுநாள் தோண்டியபோது குற்றிகள் அசையவே இல்லை. தாயிலும் பிள்ளையிலும் ஒரு கீறல்கூட இல்லை. உதடுகள் மட்டும் நாவற்பழம் தின்றதுபோல. அவள் நகங்களுக்குள் மண். பார்க்க வந்த டொக்டர், "ஒட்சிசன் இல்லாமப் போயிரிக்கு" என்றார். ஊர், ஷெல் என்றே சொன்னது. சீனித்தம்பியும் ஷெல் என்றே சொன்னான்.

இன்று அவர்களின் முப்பத்தோராம் நாள் சடங்கு. இராசாத்தியின் தகப்பன் யோகராசா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வெட்டின பங்கர் ஒரு அசைவு அசையல்ல தம்பி. உனக்கு ஏதும் குடுக்க இரிக்கா?"

தொகையைச் சொன்னால் எதற்கென்றும் சொல்ல வேண்டும்.

"ஒண்டுமில்ல மாமா."

அந்த வாயாலேயே சோறும் தின்றுவிட்டு வந்திருந்தான்.

இப்போது தலை கனத்தது. கொட்டாவிமேல் கொட்டாவி வந்தது. எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சின் பாதியில் மூச்சு நின்றது. யன்னலுக்கு வெளியே தென்னோலைகள் அடித்துக்கொண்டு ஆடின. கையை வெளியே நீட்டினான். காற்று விரல்களுக்குள் குளிர்ந்து ஓடியது. உள்ளே இழுத்தான். ஒன்றுமில்லை. ஓடிவிடலாமென்று கதவடிக்கு வந்தால், ஒழுங்கை முனையில் ஆமி வண்டி இரைந்துகொண்டு நின்றது. ஊரடங்கு நேரம். வெளியே தலை தெரிந்தால் வெடிதான்.

அப்போது கேட்டது.

கதவு மூலையில். கடைசி இளநீரை உறிஞ்சும் சத்தம்போல, நீளமாக ஒன்று. நின்றது. பிறகு சின்னதாய், வேகமாய் ஒன்று. சின்ன நெஞ்சுக்குரியது.

அங்கேதான் அந்தக் குழாயைச் சாத்தி வைத்திருந்தான். எறிந்தால் யாராவது ஏனென்று கேட்பார்களே என்று எறியாமல் விட்டது. அதன் வாயில் சிலந்தி கட்டிய வலை உட்பக்கமாகக் குழிந்திருந்தது. விளக்கின் சுடரும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.

தோளில் கிடந்த துவாயைச் சுருட்டிக் குழாயின் வாயில் அடைத்தான். துவாய் உள்ளே போனது. அவன் தள்ளவில்லை.

பிறகு உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. தட்டித் தட்டி மேலே ஏறியது. ஈரமண்ணோடு ஒரு ரூபாய்க் குற்றிக்காசு ஒன்று வெளியே விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. உருண்டு அவன் காலடிக்கு வந்தன. எண்ண வேண்டாமென்றுதான் நினைத்தான். மனம் எண்ணியது.

எழுபத்தைந்து.

"அண்ண." வாய் நிறைய மண்ணோடு பேசும் குரல். "காசு சரிதானே? குழாயப் பூட்டுங்க."

விளக்கு அணைந்தது.

இருட்டில் குழாயை நோக்கிக் குனிந்தான். வாய் தானாகக் குழாயில் பொருந்தியது. குளிர்ந்த விளிம்பு. மண் சுவை. அவன் ஊதினான். கீழே யாரோ குடித்தார்கள். நெஞ்சு வெறுமையானது. முகத்தைத் திருப்பி மூச்சிழுக்கப் பார்த்தான். உதடு கழன்று வரவில்லை.

"பொறுங்க அண்ண. புள்ள இன்னும் குடிக்கல்ல."

வெளியே தென்னோலைகளில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கடன் தீர்ந்துவிட்டது.

அவன் ஊதினான்.